சாம்பல் போட்டு விளக்கிய லென்ஸ்

கிருபாபாய்க்குக் கோபம் வந்தால் ஆஸ்பத்திரி வளாகத்துக் காக்கைகூட மரம் மாறி உட்காரும் என்று தூத்துக்குடியில் ஒரு பேச்சு உண்டு. காக்கை மாறியதை யாரும் பார்த்ததில்லை. மனிதர்கள் மாறியதைப் பலபேர் பார்த்திருக்கிறார்கள்.

அவள் நாசரேத்துக்காரி. மிஷன் பள்ளியில் படித்து, ரத்தப் பரிசோதனை வேலை கற்றுக்கொண்டு, இருபது சொச்சம் வயதில் தூத்துக்குடிக்கு வந்தவள். எந்த ஆஸ்பத்திரி என்று பெயர் சொல்ல வேண்டாம், அதில் இன்னும் சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். லேப் என்பது பின்கட்டில் ஒரே ஒரு அறை. ஒரு பக்கம் சமையற்கட்டு, மறுபக்கம் பிணவறை. காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தாலும் அவளுக்கு நஷ்டந்தான்.

கல்யாணம் ஏன் ஆகவில்லை என்பதற்கு ஊரில் நாலைந்து கதைகள். அதில் நம்பும்படியானது இது. சாத்தான்குளத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா, "பொண்ணு கொஞ்சம் நடந்து காட்டட்டும்" என்றாள். கிருபாபாய் நடந்தாள். உள்ளே போய் ஒரு ஊசியும் கண்ணாடித் துண்டும் எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள். "நான் நடந்து காட்டிட்டேன். மாப்பிள்ளை விரலை நீட்டட்டும், அவரு ரத்தத்தையும் பாத்துருவோம்." வந்தவர்கள் காபியைக்கூட முடிக்கவில்லை.

அவளுடைய மைக்ராஸ்கோப் ஒரு வெள்ளைக்கார டாக்டரம்மா விட்டுப்போனது. ஒற்றைக் கண்ணால் பார்க்கிற பழைய சாமான். அடியில் ஒரு கண்ணாடி இருக்கும். அதைச் சன்னலுக்கு நேரே திருப்பி வெயிலைப் பிடித்து மேலே அனுப்ப வேண்டும். உப்புக் காற்றில் அந்தக் கண்ணாடி ரசம் போய்ப் பழுப்பேறிவிட்டது. அதைவிட மோசம், திருகு தேய்ந்துபோய்க் குழாய் நிலைகொள்ளாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுகிறவன் தலைபோல மெல்ல இறங்கி ஸ்லைடை நொறுக்கும். மலேரியாவையும் பூச்சி முட்டையையும் சின்ன லென்ஸை வைத்துப் பார்த்துவிடலாம். எண்ணெய் லென்ஸை மாட்ட முடியாது. எண்ணெய் லென்ஸ் என்பது இருப்பதிலேயே அதிகம் பெரிதாக்கிக் காட்டுவது. ஸ்லைடு மேல் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, லென்ஸின் மூக்கு அதில் முங்கும்படி வைத்துப் பார்க்க வேண்டும். குழாய் விழுந்தால் முதலில் உடைவது அந்த மூக்குதான். அதனால் கிருபாபாய் அதைக் கழற்றிப் பட்டுத்துணியில் சுற்றி, பவுடர் டப்பாவுக்குள் போட்டு, கைப்பைக்குள்ளேயே வைத்திருந்தாள். பைபிள் வைத்திருந்தாளோ இல்லையோ, பவுடர் டப்பா எப்போதும் இருந்தது.

புதுத் துறைமுகத்துக்குக் கடலில் கல் கொட்டிக்கொண்டிருந்த காலம். ஜெர்மனியில் ஒரு சபையார் மனமிரங்கிப் புது மைக்ராஸ்கோப் ஒன்றை அனுப்பினார்கள். கப்பல் தூரத்தில் நின்றது. தோணியில் ஏறி வந்தது பெட்டி. இரண்டு கண்ணாலும் பார்க்கலாம். வெயில் வேண்டாம், அதற்குள்ளேயே விளக்கு. கமிட்டியார் பெட்டியைச் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். கிருபாபாயையும் நிற்கச் சொன்னார்கள். வரிசையில் கடைசியாக, பாதித் தோள் மட்டும் விழுந்திருக்கிறது.

விழுந்த பாதித் தோளிலும் அன்றைக்குச் சந்தோஷம் இருந்தது. மறுநாள் லேபில் மேசையைத் துடைத்து, புதுத் துணி விரித்துக் காத்திருந்தாள். மைக்ராஸ்கோப் வரவில்லை. ஆஸ்பத்திரி ஜெபாலயத்துக்குப் போய்விட்டது. அங்கே பலிபீடத்துக்குப் பக்கத்து அறையில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், சிவப்பு ரிப்பன் கட்டி உட்கார்ந்திருந்தது. பிரதிஷ்டை ஆராதனை நடந்து, சபையின் தலைமைப் போதகரான பெரிய ஐயரவாள் வந்து ஜெபித்து, ரிப்பன் வெட்டின பிறகுதான் தொடலாமாம்.

இந்தப் பக்கத்து மிஷன் ஊர்களில் அது வழக்கம். கோவில் மணியோ, பள்ளிக்கூடத்து ஆர்மோனியமோ, கிணற்று மோட்டாரோ, எது வந்தாலும் பிரதிஷ்டை பண்ணாமல் புழங்கமாட்டார்கள். மணிக்கும் ஆர்மோனியத்துக்கும் அது சரி. மணி அடிக்காவிட்டால் எவனும் சாகமாட்டான்.

பிரதிஷ்டைக்கு ஒரு கல் வேண்டும். கல்லில் பெயர் வேண்டும். கமிட்டிச் செக்ரட்டரி தனராஜ் அண்ணாச்சி, பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். முந்தின செக்ரட்டரி வேறு கட்சி. முதல் கல் வந்தபோது முந்தினவர் பெயர் பெரிதாகவும் அண்ணாச்சி பெயர் சிறிதாகவும் இருந்தது. கல் திரும்பிப்போனது. இரண்டாவது கல்லில் அண்ணாச்சி பெயர் பெரிதாக வந்தது. எதிர்க்கட்சி கையெழுத்து வேட்டையில் இறங்கியது. மூன்றாவது கல்லைக் கொத்துகிறவன், "மொதல்ல எல்லாரும் ஒரு எடத்துல ஒக்காந்து எவன் பெரியவன்னு பேசி முடிச்சிட்டு வாங்க" என்று உளியைக் கீழே போட்டுவிட்டான்.

இப்படி இருக்கும்போதுதான் சுடலைமாடத்தி வந்து சேர்ந்தாள்.

சுடலைமாடத்தி அளத்தில் உப்பு வாருகிறவள். புருஷன் இல்லை. ஒரே பெண் சந்தனமாரி, பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தாள். பிள்ளையின் காலிலும் வயிற்றிலும் செம்புள்ளி செம்புள்ளியாகத் தெறித்திருந்தது. தொட்ட இடமெல்லாம் நீலமாகக் கன்றியது. பல் ஈறிலிருந்து ரத்தம் கசிந்தது. அக்கம்பக்கத்தில் அம்மை என்றார்கள், பிறகு பிள்ளையை அம்மாவே அடிக்கிறாள் என்றார்கள்.

கிருபாபாய் ரத்தம் எடுக்க ஊசி குத்தினாள். குத்தின இடம் அடைபடவில்லை. பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் தேவபிரசாதம் நல்ல மனிதர், நன்றாகப் படித்தவர். ஒரே குறை, கமிட்டிக்காரர் தலை தெரிந்தால் ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு யாருடைய நெஞ்சையாவது கேட்க ஆரம்பித்துவிடுவார். அன்று பிள்ளையைத் தடவிப் பார்த்து, இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்து, ஸ்லைடில் இழுத்தார். பிறகு சுடலைமாடத்தியை உட்காரவைத்துச் சொன்னார்.

"ரத்தத்தை உறைய வைக்கதுக்குன்னு நம்ம ஒடம்புல சின்னச் சின்னத் துணுக்கு ஓடும்மா. ஒம் பிள்ளைக்கு அது கொறஞ்சு போச்சு. ரெண்டு காரணம் இருக்கலாம். ஒண்ணு, எலும்புக்குள்ள புற்று. கெட்ட செல்லு பெருகி நல்லதை வளர விடாது. அதுக்கு மெட்ராசுக்குத்தான் அனுப்பணும். இன்னொண்ணு..." கொஞ்சம் யோசித்தார். "ஒங்க அளத்துல காவக்காரன் உண்டுல்லா?"

"உண்டுய்யா. குடிகாரப் பய."

"அவன் குடிச்சிட்டு, வேலைக்கு வார ஆளையெல்லாம் திருடன்னு நெனச்சு அடிச்சு வெரட்டுதான்னு வையி. அதுமாரி ஒடம்போட காவலே சொந்தத் துணுக்கைக் கொல்லுது. அதா இருந்தா மாத்திரை இருக்கு. இங்கனயே குடுத்துச் சரியாக்கலாம்."

"அப்போ அந்த மாத்திரைய குடுங்கய்யா. நாளைக்கு அளத்துக்குப் போவணும்."

"புற்றா இருந்து அந்த மாத்திரைய முதல்ல குடுத்துட்டா, சீக்கு கொஞ்ச நாளைக்குப் பதுங்கிக்கிடும். மெட்ராசுல பாக்கவனுக்கு ஒண்ணும் தெரியாது. அப்புறமா வெளிய வரும்போது புடிக்க முடியாது. எதுன்னு மொதல்ல பாக்கணும்."

"பாருங்கய்யா."

டாக்டர் கிருபாபாய் பக்கம் திரும்பினார். கிருபாபாய் ஜெபாலயத்துப் பக்கம் திரும்பினாள்.

பழைய மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கஞ்சிக்குள் கடுகைத் தேடுகிற கதை. டாக்டர் பார்த்தார், அவளும் பார்த்தாள். "என்ன தெரியுது?" என்றார். "தெரியாததைத் தெரியும்னு எழுத எனக்குப் பேனா கெடையாது" என்றாள்.

நேரே இரும்புக்கடைக்குப் போனாள். தனராஜ் அண்ணாச்சி ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். சாவிக்கொத்து இடுப்பில் தொங்கியது.

"அண்ணாச்சி, அலமாரிச் சாவி வேணும். ஒரு மணி நேரம் போதும்."

"வார ஞாயித்துக்கெழம ஐயரவாள் வாராவ. மூணு நாளு பொறுக்கக்கூடாதா?"

"போன ஞாயிறும் இதத்தான் சொன்னிய."

"கல்லு வரலியே ஏளா."

"கல்லு எதுக்கு? கல்ல வச்சா ரத்தம் பாக்கப் போறோம்?"

கடையில் நின்றவன் ஒருவன் சிரித்துவிட்டான். அண்ணாச்சிக்கு முகம் சிவந்தது. "நேந்துவிட்ட சாமான்ல கை வைக்கக் கூடாது. ஜெர்மனிக்காரனுக்குப் போட்டோ அனுப்பணும். ரிப்பன் இல்லாம போட்டோ எப்பிடி?"

"அப்பம் ஸ்லைடைத் திருநெல்வேலிக்காவது அனுப்புதேன்."

"புது மிஷின இங்கன வச்சிக்கிட்டு அங்க அனுப்பினா ஊரு சிரிக்காதா? ஆஸ்பத்திரி மானம் போயிரும். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன்."

டாக்டரிடம் சொன்னதும், டாக்டர் தலையாட்டியதும் உண்மை. அன்று அவர் ஸ்டெதாஸ்கோப்பை மாட்டிக்கொண்டு ஒரு கிழவர் நெஞ்சை ரொம்ப நேரம் கேட்டாராம். கிழவர், "எனக்குக் கால்லதான்யா வலி" என்று சொல்லியும் விடவில்லை.

அந்த ஞாயிறு போனது. அடுத்த ஞாயிறும் போனது. ஐயரவாளுக்குச் சளி. பிறகு ஐயரவாளுக்குக் குணமானது, கல்லுக்குத்தான் குணமாகவில்லை. சந்தனமாரி வார்டில் கட்டிலோடு கிடந்தாள். ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, பல் துலக்கக் கூடாது. சுடலைமாடத்தி அளத்துக்குப் போகாமல் கட்டிலுக்கடியில் படுத்திருந்தாள். கிருபாபாய் வந்தால் எழுந்து உட்கார்ந்து, "யக்கா, பாத்தாச்சா?" என்று கேட்பாள். ஒவ்வொரு நாளும் அதே கேள்வி. கிருபாபாய்க்கு அந்தக் கேள்வி காதில் விழுமோ என்று பயந்து வார்டைச் சுற்றிக்கொண்டு போகிற நிலைமை வந்தது. அவள் தன் வாழ்நாளில் பயந்து சுற்றிப்போன வழி அது ஒன்றுதான். அதுவே அவளுக்கு ஆத்திரத்தைக் கூட்டியது.

ஒரு திங்கட்கிழமை காலை பிள்ளைக்கு வலிப்பு வந்தது. தலைக்குள் ரத்தம் கசிந்துவிட்டது. டாக்டர் ஓடிவந்தார். வலிப்பு நின்றபோது பிள்ளையின் வலது கை துணிபோலத் தொங்கியது. சுடலைமாடத்தி அழவில்லை. கிருபாபாயைப் பார்த்து, "இன்னுமா யக்கா பாக்கல?" என்றாள்.

கிருபாபாய் ஜெபாலயத்துக்குள் போனாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பலிபீடத்தின் மேலிருந்த பித்தளை மெழுகுவர்த்தித் தண்டைத் தூக்கினாள். நல்ல கனம். அலமாரிக் கண்ணாடி ஒரே அடியில் இறங்கியது.

சத்தம் கேட்டு முதலில் வந்தது ஜீவமணி. தனராஜ் அண்ணாச்சியின் வீட்டுக்காரி, சபைப் பெண்கள் சங்கத்துத் தலைவி. "அடிப்பாவி! பீடத்துச் சாமானால கண்ணாடிய ஒடைக்காளே!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். கிருபாபாய் ரிப்பனோடு மைக்ராஸ்கோப்பைத் தூக்கிக்கொண்டு போய் லேபில் வைத்து, விளக்கைப் போட்டு, எண்ணெய் லென்ஸைத் திருப்பி, கண்ணை வைத்தாள்.

ஒன்றும் இல்லை. வெள்ளைவெளேரென்று பனி மூட்டம். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தாள். உலோகம் கண்ணைப் பறிக்கிறமாதிரிப் பளபளத்தது. அதன் மூக்கில் இருந்த பொட்டுக் கண்ணாடி, தேய்த்த ஈயப் பாத்திரத்தின் அடிபோலக் கீறிக் கீறி வெளுத்துப்போயிருந்தது.

வாசலில் நின்ற ஜீவமணியைப் பார்த்தாள். "இதை யாரு தொட்டா?"

"நாங்கதான். சனிக்கெழம சனிக்கெழம பீடத்துச் சாமான் வெளக்குவோம்லா? அதுவும் அந்த ரூம்லதான இருக்கு, சாவியும் எங்க வீட்டுலதான. கழட்டிக் கழட்டி வெளக்கி மாட்டினோம். எவ்வளவு பளிச்சுன்னு இருக்கு பாரு."

"எதை வச்சு வெளக்கினிய?"

"புளியும் சாம்பலும்."

கிருபாபாய்க்கு வாய் வரவில்லை. அவளுக்கு வாய் வராதது அன்று ஒருநாள்தான் என்பார்கள். ஜீவமணியே மேலும் சொன்னாள். "நீயும் சங்கத்துல மெம்பர்தான? ஒரு சனிக்கெழமயாவது வெளக்க வந்திருக்கியா? வந்திருந்தா அங்கனயே சொல்லியிருக்கலாம்லா!"

அதில் உண்மை இருந்தது, அதனால்தான் அது அவ்வளவு சுட்டது. "வந்திருந்தா" என்றாள் கிருபாபாய், பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒங்க எல்லாத்தையும் புளிபோட்டு வெளக்கியிருப்பேன்."

டாக்டர் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னாலேயே தனராஜ் அண்ணாச்சியின் குரல் வராந்தாவில் கேட்டது. வழக்கப்படி டாக்டரின் கை கழுத்துக்குப் போனது. ஸ்டெதாஸ்கோப் வார்டிலேயே கிடந்தது. கையை இறக்கிக்கொண்டு லென்ஸை வாங்கிப் பார்த்தார். பிறகு, "அந்தப் பவுடர் டப்பா எங்க?" என்றார்.

"எதுக்கு?"

"லென்சு மரை எல்லாக் கம்பெனிக்கும் அநேகமா ஒண்ணுதான். பழச இதுல மாட்டிப் பாரு."

பழைய எண்ணெய் லென்ஸ் பட்டுத்துணியிலிருந்து வெளியே வந்தது. மரை பிடித்தது. இரண்டு சுற்றுச் சுற்றியதும் உட்கார்ந்தது. அண்ணாச்சி உள்ளே நுழைந்து, "யாரு ஒடைக்கச் சொன்னா? டாக்டர், நீங்க சொன்னியளா?" என்று சத்தம் போட்டார். டாக்டர் இரண்டு கண்ணையும் மைக்ராஸ்கோப்பில் வைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலேயே, "வெளிச்சத்த மறைக்காதிய" என்றார். விளக்கு மைக்ராஸ்கோப்புக்குள் இருந்தது. அண்ணாச்சி நின்ற இடத்துக்கும் வெளிச்சத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் நகர்ந்தார்.

டாக்டர் மூலைக்கு மூலை ஸ்லைடை நகர்த்தினார். ஒன்று முடித்து இன்னொன்று வைத்தார். கடைசியில் எழுந்து, "நீ பாரு" என்றார். மஜ்ஜையில் கெட்ட செல் இல்லை. துணுக்கு செய்கிற பெரிய செல்கள் கூட்டம் கூட்டமாக இருந்தன. செய்கிறவன் செய்துகொண்டேதான் இருக்கிறான், வெளியே அடித்து விரட்டுகிறான் காவல்காரன்.

"புற்று இல்லை. மருந்து போடலாம்" என்றார்.

கிருபாபாய் வார்டுக்கு ஓடினாள். சுடலைமாடத்தி கேட்கும் முன்னாலேயே, "பாத்தாச்சுளா" என்றாள். "காவக்காரன்தான். குடிகாரப் பயதான்."

மருந்து பிடித்தது. புள்ளிகள் மங்கின, ஈறு ஆறியது, சந்தனமாரி எழுந்து நடந்தாள். கை மட்டும் வரவில்லை. விரல் மடங்கும், ஆனால் பிடிக்காது. வந்த முதல் நாளே பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டரிடம் கிருபாபாய் கேட்டாள். "கையோட போயிருப்பா" என்றார். சொல்லிவிட்டு அழுதார். "அழுறதுக்குக் கமிட்டில பர்மிசன் வாங்கிட்டியளா?" என்றாள் அவள். அந்தச் சொல்லை டாக்டர் ரொம்ப நாள் மறக்கவில்லை.

கமிட்டி கூடியது. அலமாரிக்குப் புதுக் கண்ணாடி, புதுப் பூட்டு. மைக்ராஸ்கோப் மறுபடி உள்ளே போனது. புது லென்ஸுக்கு ஜெர்மனிக்கு எழுதினார்கள். பீடத்துச் சாமானால் கண்ணாடி உடைத்த கிருபாபாய், பிரதிஷ்டை அன்று சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தீர்மானம். பழைய லென்ஸை அவள் அதற்கு முன்னாலேயே கழற்றிப் பவுடர் டப்பாவில் போட்டுக்கொண்டு, கீறின லென்ஸைத் திரும்ப மாட்டியிருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை. பளபளக்கிறது இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்கள். இருந்தது.

ஒருவழியாகக் கல் வந்தது. எல்லாப் பெயரும் ஒரே அளவு. ஐயரவாளும் வந்தார். பந்தல், வாழைமரம், பாட்டுக்குழு. மேடையில் ரிப்பன் கட்டின மைக்ராஸ்கோப். பக்கத்தில் மின்சார வயர், ஐயரவாள் விளக்கைப் போட்டுப் பார்ப்பதற்காக. அண்ணாச்சிக்கு ஒரு யோசனை உதித்திருந்தது. இந்த மைக்ராஸ்கோப்பால் பிழைத்த பிள்ளையே கத்தரிக்கோல் தட்டை ஏந்திவந்தால் நல்ல சாட்சியாக இருக்கும், போட்டோவும் ஜோராக விழும். சுடலைமாடத்தியைக் கூப்பிட்டுவிட்டு, பிள்ளைக்கு வெள்ளைக் கவுன் தைத்துக் கொடுத்திருந்தார். கையைப் பற்றி அவர் கேட்டுவைக்கவில்லை.

சந்தனமாரி தட்டோடு மேடையேறினாள். இடது கை ஒரு பக்கம் பிடித்தது. ஐயரவாள் முன்னால் வந்ததும் தட்டு வலது பக்கமாகச் சரிந்தது. கத்தரிக்கோல் அவர் செருப்பின் மேல் விழுந்தது, தட்டு உருண்டு கீழே போய் பாட்டுக்குழுவின் காலடியில் சுழன்று சுழன்று நின்றது.

பிள்ளை பயந்துபோய் வலது கையை இடது கையால் தூக்கி மறைத்துக்கொண்டாள். "பரவால்ல, பரவால்ல" என்றார் ஐயரவாள். அண்ணாச்சி அவசரமாக மைக்கைப் பிடித்து, "இப்போ சகோதரி கிருபாபாய் ரெண்டு வார்த்தை சொல்லுவா" என்றார். மன்னிப்பு வார்த்தை.

கிருபாபாய் மேடைக்கு வந்தாள். மைக்கைத் தொடவில்லை. அவளுக்கு மைக் எதற்கு?

"கண்ணாடிய ஒடைச்சேன். அது தப்புதான். இந்தப் பிள்ள வந்த அன்னைக்கே ஒடைச்சிருக்கணும், ஒடைக்கல." பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். "ஐயரவாளே, இது தட்டு தாங்காத கை இல்ல. ஒங்க ரிப்பனுக்குக் காத்துக் கெடந்த கை. கல்லுல யாரு பேரு மேல, யாரு பேரு கீழன்னு நீங்க எல்லாரும் அடிச்சிக்கிட்டு நின்னிய, இவ உள்ள ரத்தம் வடிஞ்சிக்கிட்டுக் கெடந்தா. பேரு போடணும்னா இவ பேரையும் போடுங்க. பெரிசாப் போடுங்க."

வேலிக்கு வெளியே நின்ற சுடலைமாடத்தி உள்ளே வந்து பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். ஐயரவாள் குனிந்து தாமே கத்தரிக்கோலை எடுத்தார். எடுத்தவருக்கு அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"வெட்டாதிய ஐயரவாளே. நேரமில்ல" என்றாள் கிருபாபாய். "குலசேகரன்பட்டினத்துல இருந்து ஒரு பையன் வந்து வார்டுல கெடக்கான். இதே மாரிப் புள்ளி. ஸ்லைடு காலையிலயே போட்டு வச்சாச்சு."

மைக்ராஸ்கோப்பை ரிப்பனோடு இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள். அண்ணாச்சி வழிமறித்து ஒரு எட்டு வைத்தார். அவள் நிற்கவில்லை. அவர்தான் ஒதுங்கினார். முன்வரிசையில் ஜீவமணி எழுந்து, யாரும் எதிர்பாராமல், தன் சேலைத் தலைப்பால் படிக்கட்டுப் பூவையெல்லாம் ஒதுக்கி வழிவிட்டாள்.

மேடையில் மின்சார வயர் மட்டும் தனியாகக் கிடந்தது. டாக்டர் தேவபிரசாதம் ஐயரவாளைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார். பிறகு பிளக்கைப் பிடுங்கி, வயரை எடுத்துக்கொண்டு, அத்தனை பேரும் பார்க்க அவள் பின்னாலேயே இறங்கி நடந்தார்.

"தரையில இழுக்காதிய டாக்டரய்யா" என்று முன்னாலிருந்து சத்தம் வந்தது. "அது என்ன மாட்டுக் கயிறா?"

டாக்டர் வயரைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார்.